காவிரியை எங்கே நின்று அளப்பது?

காவிரி டெல்டாவில் எந்த ஊர் டீக்கடையிலும் இந்தச் சண்டையைக் கேட்கலாம். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் ஆரம்பிப்பார். "பிலிகுண்டுலுல ஏழாயிரம் கன அடின்னு போட்டிருக்கான். மேட்டூருக்கு வரத்து ஆறாயிரத்துச் சொச்சம்னு போட்டிருக்கான். நடுவுல ஆயிரம் கன அடிய எவன்ணே குடிச்சான்?" பக்கத்து பெஞ்சுக்காரர் இதற்காகவே காத்திருந்தது போல ஒரு பதில் வைத்திருப்பார். "அதெல்லாம் கணக்குப் பண்றவன் கைல இருக்குப்பா. 205-ன்னான், அப்புறம் 192-ன்னான், இப்ப 177-ங்கிறான். போகப் போக சைபர் ஆயிடும்." டீ ஆறிவிடும், சண்டை ஆறாது.

இந்த இரண்டு பேரும் கேட்பது உண்மையில் ஒரே கேள்விதான். ஆற்றை எந்த இடத்தில் நின்று அளக்கிறார்கள்? 205, 192, 177.25 என்ற மூன்று எண்களையும் அடுக்கி வைத்துப் பேசுபவர்கள் (மேடையில் பேசுபவர்களையும் சேர்த்துத்தான்) ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதல் எண் ஒரு ஊரில் அளந்தது. மற்ற இரண்டும் வேறு ஊரில் அளப்பவை. கிலோவில் எடை போட்ட மூட்டையையும் படியில் அளந்த மூட்டையையும் பக்கத்தில் வைத்து "குறைஞ்சு போச்சே" என்று சொல்வது மாதிரிதான்.

கடந்த நூறு ஆண்டுகளில் காவிரியின் அளவுகோல் இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. இரண்டு முறையும் ஆற்றின் மேல்பக்கமாகத்தான் நகர்ந்தது. முக்கொம்பிலிருந்து மேட்டூருக்கு, மேட்டூரிலிருந்து பிலிகுண்டுலுவுக்கு. இதைப் பற்றி பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரி இருக்காது. ஆனால் டெல்டாவின் குறுவை, சம்பா எல்லாம் இந்த இடமாற்றத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் முக்கொம்பு. 1924 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் போட்டன. கிருஷ்ணராஜசாகர் அணையை மைசூர் கட்டலாம், ஆனால் கீழே இருக்கும் பழைய பாசனத்துக்குக் கை வைக்கக் கூடாது. சரி, கை வைக்கவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் திருச்சி பக்கத்தில் இருக்கும் மேலணையில், காவிரி அணையின் வடகரையில் இருந்த அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தோடு இணைந்த விதிகளில் மாதம் வாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. ஜூனில் ஆறரை அடி, ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஏழரை அடி, செப்டம்பரில் 7 அடி, அக்டோபரில் ஆறரை, நவம்பரில் 6, டிசம்பரில் மூன்றரை, ஜனவரியில் 3. இந்த மட்டத்துக்குக் குறையாமல் முக்கொம்பில் தண்ணீர் ஓடுவது உறுதியானால்தான் மைசூர் தன் அணையில் தேக்கலாம்.

கவனித்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் டி.எம்.சி. என்ற வார்த்தையே கிடையாது. எல்லாம் அடிக்கணக்குதான். கரையில் நட்ட ஒரு கோலில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்பதுதான் இரண்டு அரசுகளுக்கு நடுவே சாட்சி! படிக்கும்போது ஆச்சரியமாக இருந்தாலும், அந்தக் காலத்து விவசாயிக்கு இது நன்றாகப் புரிந்திருக்கும். அவனுக்கு வேண்டியது வாய்க்கால் தலைப்பில் ஏறும் மட்டம்தானே.

இதில் சிக்கலும் இருந்தது. மைசூரில் அணை, திருச்சியில் அளவுகோல். நடுவில் பவானி வந்து சேர்கிறது, நொய்யல் சேர்கிறது, கரூர் பக்கம் அமராவதி சேர்கிறது. பவானியில் நல்ல மழை பெய்தால் முக்கொம்பில் மட்டம் ஏறும், மைசூருக்கு அதிர்ஷ்டம். பவானி காய்ந்தால் அந்தப் பழி மைசூர் தலையில். தன் எல்லைக்குள் வராத ஆறுகளின் லாப நஷ்டத்தையும் சேர்த்தே மைசூர் சுமந்தது.

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் கதை மாறிவிட்டது. அதன் பிறகு முக்கொம்பில் எத்தனை அடி தண்ணீர் என்பதை மேட்டூரில் எத்தனை மதகைத் தூக்குகிறார்கள் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. மேலே இருப்பவன் எவ்வளவு விட்டான் என்பதை அந்தக் கோல் இனிமேல் சொல்ல முடியாது. கோல் அதே இடத்தில்தான் நின்றது. அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் ஒரு அணை வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அளவுகோலை யாரும் நகர்த்தாமலேயே அது செல்லாக்காசு ஆவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது மேட்டூர். 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25 அன்று அது இடைக்கால உத்தரவு போட்டது. ஜூன் முதல் மே வரையிலான ஒரு நீர் ஆண்டில் மேட்டூர் அணையில் 205 டி.எம்.சி. வந்து சேரும்படி கர்நாடகம் தண்ணீர் விட வேண்டும். (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. இதை மனசில் வைத்துக்கொண்டால் பேப்பரில் வரும் எந்தக் காவிரிச் செய்தியையும் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.) 1980-81 முதல் பத்து ஆண்டுகளில் மேட்டூருக்கு வந்த தண்ணீரைப் பார்த்து, ரொம்ப நல்ல ஆண்டுகளையும் ரொம்ப மோசமான ஆண்டுகளையும் கழித்துவிட்டு எடுத்த சராசரி அது.

மேட்டூரை ஏன் எடுத்தார்கள் என்றால் அங்கேதான் பல பத்து வருடக் கணக்கு தயாராக இருந்தது. ஆனால் வணிகவியல் படிப்பவர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் உடனே ஒரு விஷயம் உறுத்தும். சரக்கு வாங்குபவரின் குடோனில், வாங்குபவரின் தராசில் எடை போட்டு, "இவ்வளவுதான் வந்தது" என்று வாங்குபவரே ரசீது தருகிறார். விற்பவர் இதற்குச் சும்மா தலையாட்டுவாரா? அதுவும் மேட்டூரின் நீர்வரத்து என்பது ஆற்றில் இறங்கி நேரடியாக அளந்த எண் அல்ல. அணையின் மட்டம் நேற்றைக்கு இன்று எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது, வெளியே எவ்வளவு விட்டார்கள், வெயிலில் எவ்வளவு ஆவியானது, இதையெல்லாம் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கும் எண். கணக்கு நேர்மையாகவே இருக்கட்டும். அணையைக் கையில் வைத்திருப்பது தமிழ்நாடு அல்லவா, எதிர்த்தரப்புக்கு அது ஒரு வாய் கொடுத்தது போலத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கர்நாடக எல்லை தாண்டிய பிறகு மேட்டூர் வந்து சேர்வதற்குள் காவிரியில் சின்ன ஆறுகள் பல விழுகின்றன. ஒகேனக்கல்லில் சின்னாறு. மேட்டூர் நீர்த்தேக்கத்திலேயே வந்து சேரும் நாகாவதி, தொப்பையாறு, பாலாறு (வேலூர் பாலாறு அல்ல, இது வேறு). இந்தத் தண்ணீரும் மேட்டூர்க் கணக்கில்தான் ஏறும். அதாவது 205 என்பதில் கர்நாடகம் அனுப்பாத தண்ணீரும் இருந்தது. அது ஆண்டுக்குச் சுமார் 25 டி.எம்.சி. என்பது வழக்கில் அடிபட்ட எண்.

2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. இரண்டு மாநிலமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் 192 டி.எம்.சி. என்றார்கள். அந்த இடம் என்று அடையாளம் காட்டியது பிலிகுண்டுலுவில் இருக்கும் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையத்தை. இப்போது காவிரியின் தராசு அங்கேதான் தொங்குகிறது.

பிலிகுண்டுலு கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓரத்தில், காட்டை ஒட்டிய ஒரு சின்ன இடம். ஒகேனக்கல்லுக்குக் கொஞ்சம் மேலே. ஆறு அந்தப் பக்கத்தில் எல்லைக்கோடாகவே ஓடுகிறது. ஏன் அங்கே, நாலு பேருக்குத் தெரிந்த ஒகேனக்கல்லிலேயே வைக்கக் கூடாதா என்று தோன்றலாம். வைக்க முடியாது. ஆறு அங்கே பாறைகளுக்கு நடுவே பல கிளையாகப் பிரிந்து குதிக்கிறது, எந்தக் கிளையை அளப்பது? அதற்குக் கீழே இறங்கி வந்தாலும் ஆகாது. மேட்டூர் நிரம்பி நிற்கும்போது தேங்கிய தண்ணீர் ஒகேனக்கல் பக்கம் வரை எட்டும். தேங்கிய தண்ணீரில் மட்டம் உயர்ந்து காட்டும், ஓட்டம் இருக்காது. ஏரியில் கோல் நட்டு ஆற்றை அளந்த கதை ஆகிவிடும். அளவீட்டு நிலையத்துக்கு ஆறு கொஞ்ச தூரமாவது நேராக ஓட வேண்டும், கரை அரிக்கக் கூடாது, படுகை அடிக்கடி மாறக் கூடாது, கீழே இருந்து அணைத் தண்ணீர் வந்து முட்டக் கூடாது.

அங்கே நடக்கும் வேலை கேட்பதற்கு ரொம்ப எளிமையானது, செய்வதற்கு அல்ல. கரையில் படிப்படியாக நட்ட கோல்களில் மீட்டர், சென்டிமீட்டர் கோடு இருக்கும். காலை 8 மணிக்கு மட்டம் பார்த்து எழுதுவார்கள், வெள்ளம் வந்தால் மணிக்கு ஒரு தரம். ஆனால் மட்டம் தெரிந்தால் மட்டும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியாது. அதற்காக ஆற்றைக் குறுக்கே பல துண்டுகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஓட்டமானியை இறக்குவார்கள். அதில் இருக்கும் சின்னக் கிண்ணங்கள் ஓட்டத்தில் சுற்றும். எத்தனை நொடியில் எத்தனை சுற்று என்று எண்ணினால் வேகம் கிடைக்கும். வேகத்தையும் பரப்பையும் பெருக்கி, எல்லாத் துண்டையும் கூட்டினால் அன்றைய காவிரி. இப்படிப் பல நாள் அளந்து, இந்த மட்டத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்று ஒரு வளைகோடு போட்டு வைத்துக்கொள்வார்கள். இறங்க முடியாத வெள்ளத்தில் அந்த வளைகோடுதான் கைகொடுக்கும்.

அந்த வளைகோடு ஒரு இடத்துக்கு மட்டும்தான் செல்லும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நட்டால் பழைய வளைகோடு குப்பைக்குத்தான். அதனால்தான் எங்கேயாவது நிலையத்தை மாற்ற வேண்டி வந்தால் பழையதையும் புதியதையும் கொஞ்ச காலம் சேர்த்தே ஓட்டுவது வழக்கம். கோடையும் பார்க்க வேண்டும், வெள்ளமும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பதிவேடு ஒரு மொழியிலும் புதிய பதிவேடு வேறு மொழியிலும் பேசிக்கொண்டிருக்கும்.

இப்போது டீக்கடைக் கணக்குக்கு வரலாம். 205-லிருந்து 192 ஆனதும் 13 டி.எம்.சி. பறிபோய்விட்டது என்று 2007-ல் இங்கே பெரிய வருத்தம். பேச்சுக்கு அந்த 25-ஐ எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் படம் தலைகீழாகத் தெரிகிறது. மேட்டூரில் 205 என்றால் எல்லையில் அது 180 தான். எல்லையில் 192 என்பது அதைவிட 12 அதிகம். அப்படியானால் கர்நாடகத்தில் ஏன் கோபப்பட்டார்கள் என்பதும் புரியும். இடத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னதால் ஒரே தீர்ப்பில் இரண்டு மாநிலமும் தோற்றதாக நினைத்துக்கொண்டது!

ஆனால் 192 என்பது 177.25 ஆனது நிஜமான குறைப்பு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. கூட்டியது. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்து 10, பெங்களூரு முதலான இடங்களின் குடிநீருக்காக 4.75. இங்கே தராசு மாறவில்லை, அதே பிலிகுண்டுலுதான். அதனால் இந்த 14.75 கண் முன்னே குறைந்த தண்ணீர். முதல் குறைப்புக்கு அழுத அதே அளவு கண்ணீரை இரண்டாவதற்கும் விட்டவர்கள், எது தோற்றம் எது உண்மை என்று பிரித்துப் பார்க்கவில்லை.

எண் கூடியதா குறைந்ததா என்பதைவிட முக்கியமானது பொறுப்பு யார் தலையில் என்பது. சரக்கு விற்பனைச் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். சரக்கின் உரிமை எந்த இடத்தில் கை மாறுகிறதோ, பொதுவாக இழப்பின் பொறுப்பும் அங்கேயே கை மாறும். லாரி வழியில் கவிழ்ந்தால் யாருக்கு நஷ்டம் என்பது டெலிவரி எந்த ஊரில் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. காவிரியிலும் அதேதான் நடந்தது. மேட்டூரில் டெலிவரி என்று இருந்தவரை சின்னாறும் தொப்பையாறும் வறண்டு போனால், அந்தக் குறையையும் சேர்த்துக் கர்நாடகம்தான் நிரப்ப வேண்டும். பிலிகுண்டுலுவில் டெலிவரி என்றான பிறகு அந்த ஆறுகள் தமிழ்நாட்டின் சொந்தக் கணக்கு. நன்றாகப் பெய்தால் லாபம் இங்கே, பொய்த்தால் நஷ்டமும் இங்கே. 25 என்பது ஒரு சராசரிதான். எல்லா ஆற்றுக்கும் பஞ்சம் ஒரே ஆண்டில் வரவும் கூடும். கர்நாடகத்தில் மழை தவறும் ஆண்டில் தர்மபுரி மட்டும் கொட்டித் தீர்த்து ஈடுகட்டும் என்று நம்பி யாரும் நாற்று விட முடியாது.

இது அநியாயமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. தன் எல்லைக்குள் ஓடாத ஆற்றுக்கு ஒருவர் ஏன் ஜாமீன் நிற்க வேண்டும் என்று கர்நாடகம் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. எல்லையில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது ஆள் கையில் தராசு இருப்பதுதான் சரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குத் தமிழ்நாடு எடுக்கும் தண்ணீரும் பிலிகுண்டுலுவுக்குக் கீழே எடுப்பதுதான். மேட்டூரிலேயே அளந்துகொண்டிருந்தால் அந்தத் தண்ணீரை யார் கணக்கில் எழுதுவது என்று இன்னொரு வழக்கு போட்டிருப்பார்கள்.

அளக்கும் இடத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது நம்மூர்ப் பழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றைப் பங்கு போட 1922-ல் ஏழு மாநிலங்கள் ஒப்பந்தம் செய்தன. அதில் மேல்பகுதிக்கும் கீழ்பகுதிக்கும் பிரிவு இடம் லீ ஃபெர்ரி. அதாவது பரியா என்ற சின்ன ஆறு வந்து கலக்கும் இடத்துக்கு ஒரு மைல் கீழே. ஆனால் 1921-லேயே அமைந்த அளவீட்டு நிலையம் இருப்பது பரியா கலப்பதற்கு மேலே! அதனால் கொலராடோவை ஒரு இடத்திலும் பரியாவைத் தனியாக இன்னொரு இடத்திலும் அளந்து, இரண்டையும் கூட்டித்தான் ஒப்பந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். நிலையத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே வைப்பதற்குப் பதில் கூட்டல் போட்டுக்கொள்வது சுலபம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது :-)

அந்தக் கூட்டலை இங்கே யாரும் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டுவதில்லை. பேப்பரில் பிலிகுண்டுலு எண் ஒரு மூலையில், மேட்டூர் எண் வேறு மூலையில். இரண்டுக்கும் நடுவே சின்னாறு எவ்வளவு, தொப்பையாறு எவ்வளவு, குடிநீருக்கு எடுத்தது எவ்வளவு, வழியில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு வரி போட்டால் டீக்கடைச் சண்டையில் பாதி குறைந்துவிடும்.

அந்த வரி இல்லாததன் வலி 2023-ல் தெரிந்தது. ஜூன் 12 அன்று வழக்கம்போல மேட்டூரைத் திறந்தார்கள். நம்பிக் குறுவை போட்டார்கள். தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் ஏமாற்றியது. திருத்திய அட்டவணைப்படி செப்டம்பர் மாதம் மட்டும் பிலிகுண்டுலுவில் 36.76 டி.எம்.சி. வர வேண்டும். அது சாதாரண ஆண்டுக்கான அளவு. பஞ்ச ஆண்டில் விகிதப்படி குறையும் என்பதும் தீர்ப்பிலேயே இருக்கிறது. கடைசியில் செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 15 வரை பிலிகுண்டுலுவில் விநாடிக்கு 3,000 கன அடி கிடைக்கும்படி விடச் சொன்னது ஒழுங்காற்றுக் குழு. அந்த 11,574-ஐக் கொண்டு வகுத்துப் பார்த்தால் 18 நாளைக்கும் சேர்த்து 4.67 டி.எம்.சி. கூட வரவில்லை. பெங்களூருவில் கடையடைப்பு, இங்கே கருகிய பயிரோடு மறியல். அக்டோபரிலேயே மேட்டூரை மூடிவிட்டார்கள்.

அந்த நாட்களில் எல்லோரும் பிலிகுண்டுலுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே 3,000 வந்துவிட்டால் உத்தரவு நிறைவேறியது. ஆனால் அங்கிருந்து பாறைகளுக்குள் புகுந்து, மேட்டூரில் சேர்ந்து, மதகு திறந்து, முக்கொம்பு, கல்லணை தாண்டி, கடைமடையில் ஒரு வயலுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதற்கு எந்த அட்டவணையும் கிடையாது.

மேலே நகர்ந்த தராசுக்கும் மேலே இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. கிருஷ்ணராஜசாகர், கபினி இரண்டுக்கும் கீழே, பிலிகுண்டுலுவுக்கு மேலே இருக்கும் காட்டு மழைத் தண்ணீர் இப்போது தடுப்பார் இல்லாமல் இறங்கி வருகிறது. அந்த இடைவெளியில்தான் மேகதாதுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் முன்மொழிந்தது. பிலிகுண்டுலுவில் 177.25 வந்தால் போதாதா என்பது அவர்கள் வாதம். ஆண்டுக் கணக்கு நேராகும், ஆனால் எந்த மாதம் வரும் என்பது மதகுக்காரர் கைக்குப் போய்விடும் என்பது இங்கே இருக்கும் பயம். 1934-ல் மேட்டூர் வந்ததும் முக்கொம்புக் கோலுக்கு என்ன ஆனது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புதிதாக இருக்காது.

டீக்கடையில் அந்த அண்ணன் இன்னும் பேப்பரை மடிக்கவில்லை. நடுவில் காணாமல் போன ஆயிரம் கன அடியில் கொஞ்சம் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கலாம், நாளைக் காலைக் கணக்கில் ஏறும். கொஞ்சம் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் யார் வீட்டுக் குடத்திலோ இருக்கலாம். நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் நல்ல மழை பெய்தால் மேட்டூர் எண் பிலிகுண்டுலு எண்ணைத் தாண்டி நிற்கும். அன்றைக்கு மட்டும் யாரும் எவன் கொடுத்தான் என்று கேட்பதில்லை.